நகல் எடுக்காத கடிதம்

பெங்களூர்,
8-1-2025

சிரஞ்சீவி கேசவுக்கு அக்கா ஸாதனாவின் ஆசீர்வாதம்.

இங்கே நானும் உன் அத்திம்பேரும் குழந்தையும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை விட்டுவிடச் சொல்.

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். உன் லாப்டாப்பையும் போனையும் விசாரணைக்கென்று நம் கம்பெனியின் காக்கநாடு ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் நீயும் போனில் பேசக்கூடாது, மெயில் அனுப்பக்கூடாது என்று கம்பெனி வக்கீல் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எட்டு வருடம் முன்பு ஆஸ்பத்திரி லேபுகளுக்கான அந்த சி புரோகிராமை எழுதியவள் நான். அதற்குள் ஓடும் பெர்ல் விதிகளை எழுதியவன் நீ. இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பது பேப்பரில் வந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கவலை. கடிதம் எழுதக்கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தோன்றியே இருக்காது.

மலையாளத்தில் எழுதாதே. என் டீமில் நாலு பேருக்கு அது படிக்க வரும். தமிழில் எழுது, பிழை இருந்தால் இருக்கட்டும். ஆபீஸுக்கு வேண்டாம், வீட்டு விலாசத்துக்கு அனுப்பு.

டிசம்பர் பதினாறாம் தேதி அந்த ஆஸ்பத்திரி லேபில் என்ன நடந்தது என்று நீயே சொல்லி எனக்குத் தெரிய வேண்டும். இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒன்றும் விடாமல் எழுது. வேறு யாரிடமும் வாய் திறக்காதே. பதறாத காரியம் சிதறாது. நான் இருக்கிறேன்.

படித்ததும் கிழித்துப் போடு.

அன்புள்ள அக்கா,
ஸாதனா


மட்டாஞ்சேரி,
14-1-2025

அன்புள்ள அக்காவுக்குக் கேசவ் நமஸ்காரம்.

இன்று பொங்கல். அம்மா பால் பொங்கவிட்டாள், நானும் பக்கத்தில் நின்றேன். முட்டிவலி அப்படியேதான். மாடிப்படி விஷயம் சொன்னேன். "அவ வந்து துணி உணத்தித் தரட்டும், நான் ஏறலை" என்கிறாள். அத்திம்பேருக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

இறந்தவர் பெயர் சுடலைமணி. ஆபீஸில் எல்லாரும் 'பேஷண்ட்' என்றே சொல்கிறார்கள், அதனால் பெயரை முதலில் எழுதுகிறேன். வயது நாற்பத்துமூன்று. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை தூக்குபவர். அவர் மனைவி பாண்டிச்செல்வியிடம்தான் அம்மா முருங்கைக்கீரை வாங்குகிறாள். நமக்கு அடுத்த தெரு.

காலில் பலமில்லை என்று எர்ணாகுளத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். பொட்டாசியம் 7.1. ஐந்தைத் தாண்டினாலே தப்பு, ஏழு என்றால் இதயம் எந்த நிமிஷமும் நிற்கும். மெஷின் சரியாகத்தான் அளந்தது. அதன் சொந்தப் பதிவில் இன்றும் 7.1 இருக்கிறது. ஆனால் அவர் கைக்கு வந்த ரிப்போர்ட்டில் 4.2. ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

எனக்காகக் கேஸ் நடத்துவது தேவராவில் இருக்கும் வக்கீல் வாஞ்சிநாதன், அப்பாவுக்குத் தெரிந்தவர். "கேசவ், கம்ப்யூட்டர் பாஷை வேண்டாம். எனக்கு மனசிலாகற மாதிரி சொல்லு, கேட்டியா" என்றார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று நீ பார்.

ஒவ்வொருவரின் நம்பர், பெயர், அளவு எல்லாவற்றையும் சி புரோகிராம் ஒரு ஸ்ட்ரக்சரில் போடுகிறது. அது மெமரியில் எங்கே இருக்கிறதோ அந்த முகவரியை ஓர் ஆப்ஜெக்டாக்கி என் பெர்ல் கோடுக்குக் கொடுக்கிறது. கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சரக்கை என்னிடம் தருவதில்லை, சாவியைத்தான் தருகிறது. ஏழாம் நம்பர் கிடங்கில் சுக்கு இருக்கிறது. அளவு ஆபத்தாக இருந்தால் லேப் டாக்டர் பார்க்கும்வரை நிறுத்திவை என்பது நவம்பரில் நான் புதிதாகச் சேர்த்த விதி. அதற்காக அந்தச் சாவியில் 'சுக்கு' என்று சீட்டுக் கட்டி ஆணியில் மாட்டி வைத்தேன். டாக்டர் உடனே பார்த்துவிடும் நாட்களில் ஒரு குறையும் தெரியவில்லை. அன்று திங்கள்கிழமைக் கூட்டம், அவர் வார்டிலிருந்து வர இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் சி புரோகிராம் ஏழாம் கிடங்கைக் காலி செய்து அடுத்தவரின் மிளகை இறக்கிவிட்டது. டாக்டர் அதே சாவியால் திறந்தார். சீட்டில் சுடலைமணி, உள்ளே ஆலுவாக்காரர் ஒருவரின் 4.2. சரி என்று அழுத்திவிட்டார்.

"அப்போ நீ சரக்கை எடுத்து வெச்சுக்காம சாவியை வெச்சுண்டாய்" என்றார் வாஞ்சிநாதன். ஆமாம் என்றேன். அளவை அப்போதே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் போதும். ஒரு வரி வேலை.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபமாகக் கேட்கவில்லை. விதி ஓடி முடிந்ததும் ஸ்ட்ரக்சர் காலியாகிவிடும், ஆப்ஜெக்டை வைத்துக்கொள்ளாதே என்று உன் ஃபைலில் எங்காவது எழுதியிருந்தாயா? வேலையில் சேர்ந்தபோது முழுக்கப் படித்தேன் என்றுதான் நினைவு. அப்படி ஒரு வரி நினைவில் இல்லை.

உன் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. ஒளித்து வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
கேசவ்


பெங்களூர்,
2-2-2025

சிரஞ்சீவி கேசவுக்கு ஆசீர்வாதம்.

உடனே எழுத முடியவில்லை. குழந்தைக்கு ஜலதோஷம், அத்திம்பேர் ஊரில் இல்லை, ஆபீஸில் மீட்டிங்குக்கு மேல் மீட்டிங். இப்போது எல்லாரும் தேவலை. அம்மாவுக்கு ஒரு கம்பளி அனுப்புகிறேன், முட்டியில் சுற்றிக்கொள்ளச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். எழுதியிருக்கிறது. ஃபைல் என் முன்னால்தான் இருக்கிறது, 742வது வரி. 'இந்த ஆப்ஜெக்டை விதி ஓடி முடிந்தபின் வைத்துக்கொள்ளக்கூடாது, தேவையானதை நகல் எடுத்துக்கொள்ளவும்' என்று நல்ல இங்கிலீஷில் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ஆறு பேர் உட்கார்ந்த மீட்டிங்கில் என்னிடம் இதையேதான் கேட்டார்கள். இருக்கிறது என்று சொன்னேன்.

பழைய மாற்றங்களின் வரலாறெல்லாம் இரண்டு வருடம் முன்பு சர்வர் மாற்றியபோது தொலைந்துவிட்டது, உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் ஓடுவது கம்பைல் ஆனது, அதில் குறிப்புகள் இருக்காது. ஆகவே பார்க்க வேண்டுமானால் இந்த ஒரு ஃபைல்தான். அதில் அந்த வரி இருக்கிறது.

கேசவா, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ அவசரக்குடுக்கை. கேள்வித்தாளில் பாதி படித்ததும் பதில் எழுத ஆரம்பிப்பவன். படித்திருப்பாய், கண்ணில் பட்டிருக்கும், மனசில் தங்கியிருக்காது. யாருக்கும் நடப்பதுதான். கவனக்குறைவு என்று நீயாகவே ஒத்துக்கொண்டால் தண்டனை லேசாகப் போகும் என்று கம்பெனி வக்கீல் சொல்கிறார். வாஞ்சிநாதன் மாமாவிடமும் இதைச் சொல்.

சாப்பாட்டை விடாதே.

அன்புள்ள அக்கா,
ஸாதனா


மட்டாஞ்சேரி,
10-2-2025

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

கம்பளி வந்தது. அம்மா அதைச் சுற்றிக்கொள்ளாமல் மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். குழந்தையின் ஜலதோஷம் முற்றிலும் போனதா?

நீ எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன். 742வது வரி. எவ்வளவு யோசித்தாலும் என் கண்முன் வரவில்லை. ஆனால் நீ ஃபைலை வைத்துக்கொண்டு சொல்கிறாய், நான் நினைவை வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படியானால் நான் படித்திருக்கிறேன், படித்தும் விட்டிருக்கிறேன். இதுவரை தெரியாமல் செய்த தப்பு என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். சொல்லியும் கேட்காமல் செய்தது என்றால் அது வேறு. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பாண்டிச்செல்வி சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டு காகிதமும் கையில், முதலில் தந்த ரிப்போர்ட்டும் பிறகு தந்த மெஷின் பதிவும். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலைதான. இதை வாசிச்சுச் சொல்லுங்க. அவுங்க மலையாளத்துல மடமடன்னு சொல்றாங்க, ஒண்ணும் பிடிபடலை" என்றாள். அம்மா உள்ளே சாயா போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். இதில் 7.1, அதில் 4.2 என்றேன். என் விதி அச்சடித்த தாள் அது, அக்கா. கீழே ஓரத்தில் நான் வரையவைத்த கோடு கூட இருக்கிறது.

"இதை எழுதுனது யாரு?" என்று கேட்டாள்.

"மெஷின்தான் அக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு சாயாவைக் குடித்துவிட்டுப் போனாள். போகும்போது ஒரு கட்டுக் கீரையை வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதை அன்றே சமைத்தாள். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

உன் தம்பி,
கேசவ்


பெங்களூர்,
27-2-2025

சிரஞ்சீவி கேசவுக்கு ஆசீர்வாதம்.

எல்லாரும் சௌக்கியம். குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அந்தப் பெண்பிள்ளையை வீட்டுக்குள் விடாதே. ஆயிரம் தடவை சொல்கிறேன். உன் இரக்கம் உன் கழுத்துக்குக் கயிறாகும். அவளுக்கு நீ எதையும் வாசித்துக் காட்ட வேண்டாம், மனு எழுதித் தரவும் வேண்டாம். கேட்டால் வக்கீலைப் பார்க்கச் சொல்.

கம்பெனி ஒரு வாக்குமூலம் தயார் செய்து வாஞ்சிநாதன் மாமாவுக்கு அனுப்பும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும். அதில் இருப்பது புதிதாக ஒன்றுமில்லை, உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான்.

இன்னொரு விஷயம். நீ எதையும் பேப்பரில் அடித்துப் படிப்பவன். வீட்டில் பழைய ஆபீஸ் காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்று பார். நீ சேர்ந்த புதிதில் எடுத்தது இருந்தாலும் சரி. கம்பெனிச் சொத்தை வீட்டில் வைத்திருந்தாய் என்று அது வேறு ஒரு குற்றமாகிவிடும். இருந்தால் அடுப்பில் போட்டுவிடு. மறக்காதே.

நான் நேரில் வந்திருப்பேன். வந்தால் அது வேறு பேச்சுக்கு இடம் கொடுக்கும். அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்.

அன்புள்ள அக்கா,
ஸாதனா


மட்டாஞ்சேரி,
9-3-2025

அன்புள்ள அக்காவுக்குக் கேசவ் நமஸ்காரம்.

நீங்கள் எல்லாரும் சுகம்தானே. நாங்கள் இருக்கிறோம்.

நீ சொன்னபடி தேடிப் பார்த்தேன். சேர்ந்த மாதம் உன் ஃபைலை முழுக்க அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது நீ எழுதியபிறகுதான் எனக்கே நினைவு வந்தது. இருபத்திரண்டு பக்கம். அம்மாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பின்பக்கம் காலியாக இருந்தால் எந்தத் தாளையும் தூக்கிப் போடமாட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சணலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாளே, அந்தக் கட்டில்தான் போயிருக்கிறது. பலசரக்குச் சீட்டு, பால்காரனுக்குச் சீட்டு, அப்பளம் டப்பாவுக்கு அடியில் விரிப்பு என்று மூன்று வருடத்தில் இருபத்தொரு பக்கம் செலவாகிவிட்டது. ஒரு தாள் மிச்சம் இருந்தது.

அதில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். திருப்பிப் பார். பதினான்காம் பக்கம். கீழே அச்செடுத்த தேதி இருக்கிறது, இடது ஓரத்தில் வரி எண்கள் இருக்கின்றன. எழுத ஆரம்பிக்கும்முன் நான் இரண்டு தடவை படித்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

அடுப்பில் போடவில்லை. உன்னிடம் சேர்ப்பதுதான் சரி என்று பட்டது.

வாக்குமூலம் வந்துவிட்டது. 742வது வரியில் இருந்த எச்சரிக்கையைப் படித்தும் அலட்சியம் செய்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதிவரை நேரம் இருக்கிறது. உன் பதில் வந்தபின் முடிவு செய்கிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். விஷுவுக்கு முன்பா, விஷு கழிந்தா என்று அம்மாவுக்கு ஒரே குழப்பம். "அவளுக்கு ஒரு வரி எழுதிக் கேளுடா, அவ சொன்னா சொன்னதுதான்" என்கிறாள். அதையும் எழுது.

பதிலை எதிர்பார்த்து,
கேசவ்


மட்டாஞ்சேரி,
28-3-2025

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

சௌக்கியம் என்று நம்புகிறேன். பத்தொன்பது நாளாகத் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். ஒன்பதாம் தேதி நான் எழுதிய கடிதம் கிடைத்ததா?

"வேற ஏதாவது பேப்பர் உண்டோ உன் கையில?" என்று நேற்று வாஞ்சிநாதன் மாமா கேட்டார். ஒரு கடிதத்துக்குக் காத்திருக்கிறேன் என்றேன். அவர் பத்து நாள் தவணை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் அவரால் முடியாது.

கிடைத்தது, கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

கேசவ்


பெங்களூர்,
3-4-2025

என் அருமைத் தம்பி சிரஞ்சீவி கேசவுக்கு அக்காவின் ஆயிரம் ஆசீர்வாதங்கள்.

இங்கே அனைவரும் நலம். உன் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ கற்றுக்கொடுத்த சீட்டு விளையாட்டை அத்திம்பேரோடு விளையாடி அவரைத் தினமும் தோற்கடிக்கிறாள். பெங்களூரில் இப்போதே வெயில் தாங்கவில்லை, அங்கே புழுக்கம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. மோர் நிறையக் குடி.

ஒன்பதாம் தேதிக் கடிதம் என்று எழுதியிருந்தாய். அப்படி ஒன்று எனக்கு வந்து சேரவில்லை. இங்கே தபால் மகா மோசம். பக்கத்து அபார்ட்மெண்டில் போட்டுவிடுகிறான், இல்லையென்றால் கீழே பெட்டியில் போட்டு மழையில் ஊறவிடுகிறான். அதில் முக்கியமாக ஏதாவது எழுதியிருந்தாயா? இருந்தாலும் இனி அதைப் பற்றி எழுத வேண்டாம். எழுதி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

கையெழுத்தைப் போட்டுவிடு, கண்ணா. இழுக்க இழுக்க உனக்குத்தான் கெடுதல். நீ சின்னவன், கல்யாணம் ஆகவில்லை, நாலு வருடத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். எனக்குக் குழந்தை இருக்கிறது. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அம்மாவின் இடது கண்ணை விஷு கழிந்தே செய்யட்டும். பண்டிகை நாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், விஷுக்கனி பார்க்க முடியாமல் போனால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாள்.

என்றும் உன் அக்கா,
ஸாதனா


மட்டாஞ்சேரி,
22-4-2025

அன்புள்ள அக்காவுக்குக் கேசவ் நமஸ்காரம்.

அம்மா கனி பார்த்தாள். பதினெட்டாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் சுவர்க் காலண்டரை எழுத்துக் கூட்டாமல் படித்தாள். நீங்கள் மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாததை விட்டுவிட்டு, கடிதம் வரவில்லை என்றதையும் குழந்தையையும் வெயிலையும் கண்ணையும் மட்டும். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கடுதாசி கிடைக்கலேன்னு எழுதியிருக்காளே. கிடைக்காம அவளுக்கு என் இடது கண்ணு எப்படிடா தெரிஞ்சுது?"

கண்ணைப் பற்றி அந்த ஒரு கடிதத்தில் மட்டும்தான் எழுதியிருந்தேன், அக்கா.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன். 741 காலி வரி. 742ல் ஃபங்ஷன் தொடங்குகிறது. நடுவில் எச்சரிக்கை ஏதும் இல்லை. ஆறு பேருக்கு முன்னால் 'இருக்கிறது' என்று வாய் தவறிச் சொல்லியிருப்பாய், பிறகு அதை உண்மையாக்க ஒரு வரி சேர்க்க வேண்டி வந்திருக்கும். பயந்திருப்பாய். அது எனக்குப் புரிகிறது. நான் படித்தும் விட்டவன் என்று என்னை நம்பவைத்தாயே, அதுதான் புரியவில்லை. அந்த ஒரு மாதம் நான் கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை.

அந்தத் தாளைத் தபாலில் சேர்க்கும்முன் ஒரு ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று பஜார் ரோட்டுக் கடை வாசல்வரை போனேன். கூடப் பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்துக்கு ஜெராக்ஸ் எதற்கு என்று திரும்பிவிட்டேன். நீயே அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைப்பாய், வைக்க வேண்டியவள் நீதான் என்று நினைத்தேன். சுடலைமணியின் விஷயத்திலும் நகல் எடுக்காமல்தான் விட்டேன். பட்டும் புத்தி வரவில்லை.

கம்பெனியின் வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஆப்ஜெக்டைப் பிடித்து வைத்தது நான், அளவை நகல் எடுக்காதது நான் என்று எழுதினேன். எச்சரிக்கை இருந்ததா என்ற இடத்தில், என் நினைவில் இல்லை, காட்ட என்னிடம் காகிதமும் இல்லை என்று எழுதினேன். மாமா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மதி, இது போதும். கேஸ் உன் பேர்ல மட்டும்தான் போகும்" என்றார். ஜூனில் முதல் விசாரணை. வேலை போய்விட்டது, அது உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நேற்று பாண்டிச்செல்வியைப் பார்க்கப் போனேன். கீரைக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் இல்லை, எழுதியது நான்தான் என்று சொன்னேன். கிடங்கு, சாவி எல்லாம் சொன்னேன். அவளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. புருஷன் இருபது வருடம் அந்தக் கிடங்குகளில் மூட்டை இறக்கியவர்.

கட்டிய கீரையைக் கூடையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பொ அந்த நாலு புள்ளி ரெண்டு யாருது?"

"ஆலுவாவில் ஒருத்தர்."

"அவுக நல்லா இருக்காகளா?"

"இருக்கார்."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். இன்னும் இரண்டு கட்டுக் கட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இனிமே நீங்க இங்க வராதீக, தம்பி. கீரை வேணும்னா அம்மாவை வரச் சொல்லுங்க."

அதன்படி இன்று அம்மாதான் போய் வாங்கி வந்தாள். புதுக் கண்ணால் காம்பு காம்பாகப் பார்த்து ஆய்ந்துகொண்டிருக்கிறாள். உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் தம்பி,
கேசவ்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன்.